கடன் வாங்கியது டெட்ராய்ட், கட்டியது யார்?

2008 டிசம்பர் 19, வெள்ளிக்கிழமை. பதவிக்காலம் முடிய ஒரு மாதமே பாக்கி இருந்த அமெரிக்க அதிபர் ஜார்ஜ் புஷ் வெள்ளை மாளிகையில் ஓர் அறிவிப்பை வெளியிட்டார். ஜெனரல் மோட்டார்ஸுக்கு (ஜிஎம்) 1,340 கோடி டாலர், கிரைஸ்லருக்கு 400 கோடி டாலர், ஆக 1,740 கோடி டாலர் அரசுக் கடன். சந்தைக்குள் அரசு கை வைக்கக் கூடாது என்பதைக் கொள்கையாகக் கொண்ட கட்சியின் அதிபர், அந்தக் கொள்கையை ஒதுக்கிவைத்துவிட்டுக் கஜானாவைத் திறந்தார்.

அடுத்து வந்த செவ்வாய்க்கிழமை, டிசம்பர் 23. விஸ்கான்சின் மாநிலத்து ஜேன்ஸ்வில் நகரில் ஜிஎம் ஆலையின் கடைசி வண்டி லைனை விட்டு இறங்கியது. கறுப்பு நிற டாஹோ. 1919-இல் டிராக்டர் செய்ய ஆரம்பித்து 1923 முதல் செவர்லே கார்கள் செய்துவந்த ஆலை அது. அன்று ஓடிக்கொண்டிருந்த ஜிஎம் ஆலைகளில் அதுவே மூத்தது. அப்பா, மகன், பேரன் என்று மூன்று தலைமுறை ஒரே வாசல் வழியாக ஷிஃப்டுக்குப் போன ஊர். மூடும் முடிவு ஜூன் மாதமே வந்துவிட்டது. அரசுக் கடன் அதை மாற்றவில்லை. மாற்ற வேண்டும் என்று கடன் கொடுத்தவர்கள் கேட்கவும் இல்லை.

நான்கு நாள் இடைவெளியில் நடந்த இந்த இரண்டையும் சேர்த்து வைத்துத்தான் அமெரிக்கக் கார் கம்பெனிகளின் மீட்புக் கதையைப் படிக்க வேண்டும். அந்தக் கடன் கொடுக்கப்பட்டது சரி; கொடுக்காமல் விட்டிருந்தால் பெரும் நாசம் விளைந்திருக்கும். இதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் கடனின் நிபந்தனைகளை எழுதியவர்கள் தொழிலாளியின் கூலிக்குத் தேதி குறித்தார்கள், கம்பெனியின் கடமைக்குக் குறிக்கவில்லை. அதன் விலையை அந்த நாட்டு உழைப்பாளிகள் 15 ஆண்டுகள் கொடுத்தார்கள். சிலர் இன்னும் கொடுக்கிறார்கள்.

கை தூக்காத மூவர்

ஜிஎம் ஒரு நாளில் சரிந்த கம்பெனி அல்ல. டொயோட்டாவும் ஹோண்டாவும் சிறிய, நம்பகமான கார்களை அமெரிக்காவிலேயே ஆலை அமைத்துச் செய்யத் தொடங்கிய பிறகும், டெட்ராய்ட்டின் மூன்று கம்பெனிகளான ஜிஎம்மும் ஃபோர்டும் கிரைஸ்லரும் பெரிய வண்டிகளில் கிடைத்த கொழுத்த லாபத்தையே நம்பியிருந்தன. டாஹோ, சபர்பன் போன்ற வண்டிகள் ஓடியவரை மற்ற குறைகள் வெளியே தெரியவில்லை. உள்ளே பெரும்பாரம் ஒன்று ஏறிக்கொண்டிருந்தது. அமெரிக்காவில் எல்லோருக்குமான அரசு மருத்துவக் காப்பீடு கிடையாது. வேலையில் இருப்பவர், ஓய்வு பெற்றவர், அவர்கள் குடும்பம் என்று அத்தனை பேரின் மருத்துவச் செலவும் கம்பெனி தலையில். ஜிஎம் விற்ற ஒவ்வொரு வண்டியிலும் ஏறத்தாழ 1,500 டாலர் மருத்துவச் செலவாகவே போனது என்று அப்போது கணக்குச் சொன்னார்கள். ஜப்பானியப் போட்டியாளர்களுக்கு அந்தச் சுமை இல்லை. தொழிலாளர்கள் பேராசைப்பட்டதால் கம்பெனி கெட்டது என்று பேசியவர்கள், ஒரு நாடு தன் குடிமக்களுக்குச் செய்ய வேண்டியதை ஒரு கார் கம்பெனியிடம் தள்ளிவிட்டிருந்ததைப் பேசவில்லை.

2008 ஜூனில் பெட்ரோல் விலை ஒரு கேலனுக்கு 4 டாலரைத் தாண்டியது. பெரிய வண்டிகளை வாங்க ஆளில்லை. செப்டம்பரில் லேமன் பிரதர்ஸ் வங்கி விழுந்தது; கடன் சந்தை உறைந்தது. கார் என்பது கடனில் வாங்கும் பொருள். வாங்குபவருக்கும் கடன் கிடைக்கவில்லை, டீலருக்கும் கிடைக்கவில்லை, கம்பெனிக்கும் கிடைக்கவில்லை. 2007-இல் அமெரிக்காவில் 1.6 கோடி வண்டிகள் விற்றன. 2009-இல் அது 1.04 கோடியாகச் சுருங்கியது. 2008-ஆம் ஆண்டில் மட்டும் ஜிஎம்மின் நஷ்டம் 3,090 கோடி டாலர்.

நவம்பர் 18, 19 தேதிகளில் ஜிஎம்மின் ரிக் வேகனர், கிரைஸ்லரின் ராபர்ட் நார்டெல்லி, ஃபோர்டின் ஆலன் முலாலி மூவரும் வாஷிங்டன் போய் நாடாளுமன்றக் குழுக்களிடம் 2,500 கோடி டாலர் கேட்டார்கள். மூவரும் தனித்தனி ஜெட் விமானத்தில் வந்திருந்தார்கள். பயணிகள் விமானத்தில் வந்தவர்கள் யார், திரும்பும்போது ஜெட்டை விற்றுவிட்டுப் போகத் தயாராக இருப்பவர்கள் யார், கை தூக்குங்கள் என்று ஓர் உறுப்பினர் கேட்டார். ஒரு கையும் எழவில்லை. அந்தக் காட்சி நாடு முழுக்க ஒளிபரப்பானது. டிசம்பர் தொடக்கத்தில் மறுபடி வந்தபோது மூவரும் டெட்ராய்ட்டிலிருந்து காரிலேயே வந்தார்கள். இந்த முறை கேட்ட தொகை 3,400 கோடி டாலர்.

அந்தக் கோபம் நியாயமானது. ஆனால் அதே வாரத்தில் நடந்த இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கார் கம்பெனிகளின் தலைவர்களைக் கேள்விகளால் துளைத்த நான்காம் நாள், நவம்பர் 23 ஞாயிறு இரவு, சிட்டி குழுமத்துக்கு 2,000 கோடி டாலரும், 30,600 கோடி டாலர் மதிப்புள்ள சொத்துகளுக்கு உத்தரவாதமும் தருவதாக அரசு அறிவித்தது. எந்தக் குழுவின் முன்னும் யாரும் கை தூக்க வேண்டியிருக்கவில்லை. வங்கிகளைக் காப்பாற்ற ஒதுக்கியிருந்த நிதி 70,000 கோடி டாலர். கார் கம்பெனிகள் கேட்டது அதில் இருபதில் ஒரு பங்குக்கும் குறைவு. நிதித்துறைக்கு ஒரு நீதி, பொருள் செய்யும் தொழிலுக்கு ஒரு நீதி என்று அன்று டெட்ராய்ட்டில் பொருமியவர்களிடம் உண்மை இருந்தது.

தெற்கத்திச் செனட்டர்கள்

டிசம்பர் 10 அன்று பிரதிநிதிகள் சபையில் 1,400 கோடி டாலர் கடன் மசோதா 237-க்கு 170 என்று நிறைவேறியது. ஜேன்ஸ்வில்லைச் சொந்த ஊராகக் கொண்ட குடியரசுக் கட்சி உறுப்பினர் பால் ரையனும் ஆதரித்து வாக்களித்தார். மறுநாள் செனட்டில் விழுந்தது. விவாதத்தை முடித்து வாக்கெடுப்புக்குப் போக 60 வாக்குகள் தேவை, கிடைத்தது 52.

எதில் முறிந்தது என்பதுதான் முக்கியம். தொழிற்சங்கத்தைச் சேர்ந்த தொழிலாளர்களின் கூலி, அமெரிக்காவில் இருக்கும் டொயோட்டா, ஹோண்டா ஆலைகளின் கூலி அளவுக்கு 2009-க்குள் இறங்க வேண்டும் என்று டென்னசி செனட்டர் பாப் கார்க்கர் தரப்பு நின்றது. ஒன்றுபட்ட வாகனத் தொழிலாளர் சங்கத்தின் தலைவர் ரான் கெட்டல்ஃபிங்கர் குறைப்பதற்கு ஒப்பினாலும் அந்தக் கெடுவுக்கு ஒப்பவில்லை. பேச்சு நின்றது.

எதிர்ப்பில் முன்னணியில் நின்றவர்களில் ஒருவர் அலபாமா செனட்டர் ரிச்சர்ட் ஷெல்பி. அவருடைய மாநிலத்தில் மெர்சிடிஸ், ஹோண்டா, ஹூண்டாய் ஆலைகள் இருந்தன. மெர்சிடிஸை வரவழைக்க அலபாமா 1993-இல் அறிவித்த சலுகைகளின் மதிப்பு சுமார் 25.3 கோடி டாலர். வந்த கம்பெனிக்கு மாநில அரசு தரும் வரிச்சலுகையும், விழுகிற கம்பெனிக்கு மத்திய அரசு தரும் கடனும் ஒரே மக்களின் பணம்தான். இரண்டாவதை மட்டும் சந்தை தர்மத்துக்கு விரோதம் என்று பேசுவதை என்னால் ஏற்க முடியவில்லை. கடனாவது திரும்பி வரும் வாய்ப்புள்ளது.

செனட் கைவிட்டபின், வங்கிகளுக்கென வைத்திருந்த நிதியிலிருந்து புஷ் எடுத்துக் கொடுத்தார். கடன் பத்திரங்களில் மூன்றில் இரண்டு பங்கைப் பங்குகளாக மாற்ற வேண்டும், நிர்வாகிகளின் சம்பளத்துக்கு வரம்பு, ஜெட் விமானங்களை விற்க வேண்டும், 2009 டிசம்பர் 31-க்குள் கூலி வெளிநாட்டுக் கம்பெனி ஆலைகளுக்கு இணையாக வேண்டும் என்பவை நிபந்தனைகளிலும் இலக்குகளிலும் இடம்பெற்றன. செனட்டில் தோற்ற கார்க்கரின் கெடு, கடன் ஒப்பந்தத்தில் இலக்காகத் திரும்பி வந்தது.

திவாலாக விட்டிருந்தால்?

டெட்ராய்ட்டைத் திவாலாக விடுங்கள் என்று மிட் ராம்னி அந்த நவம்பரில் நியூயார்க் டைம்ஸில் எழுதினார். டெட்ராய்ட்டில் பிறந்தவர், அவருடைய அப்பா அமெரிக்கன் மோட்டார்ஸ் கம்பெனியை நடத்தியவர். வாதம் கேட்கச் சரியாகவே இருந்தது: நீதிமன்றம் போ, கடனைக் கழி, இளைத்த உடம்போடு எழுந்து வா.

அந்தக் குளிர்காலத்தில் அது நடக்காது என்பதற்கு நேரான காரணம் உண்டு. திவால் நீதிமன்றத்தில் இருக்கும் கம்பெனியும் தினமும் சம்பளம் கொடுக்க வேண்டும், இரும்பு வாங்க வேண்டும். அதற்குப் புதிதாக ஒருவர் கடன் தர வேண்டும். ஜிஎம் அளவுக்குப் பெரிய கம்பெனிக்குப் பல்லாயிரம் கோடி டாலர் தேவை. சாதாரணக் காலத்தில் பெரிய வங்கிகள் கூடித் தரும். 2008 கடைசியில் அந்த வங்கிகளே அரசு வாசலில் நின்றன. கடன் தர ஆளில்லாத திவால் என்றால் கம்பெனியைப் பிரித்து விற்றுக் கதவை மூடுவது என்று பொருள்.

ஜிஎம் மூடினால் ஜிஎம் மட்டும் போகாது. ஸ்டீயரிங், சீட், பிரேக், வயரிங் என்று ஒரு காருக்குள் போகும் ஆயிரக்கணக்கான பாகங்களைச் செய்பவர்கள் நூற்றுக்கணக்கான சப்ளையர்கள். அதே சப்ளையர்தான் ஃபோர்டுக்கும் கொடுக்கிறார், டொயோட்டாவுக்கும் கொடுக்கிறார். இரண்டு பெரிய வாடிக்கையாளர்கள் ஒரே மாதத்தில் நின்றால் சப்ளையர் கடை கட்டிவிடுவார். பிறகு ஃபோர்டின் லைனும் நிற்கும். அவசரக் கடன் தேவைப்படாத ஃபோர்டின் முலாலி, தன் போட்டியாளர்களுக்குக் கடன் கொடுங்கள் என்று வாஷிங்டனில் வாதாடியதன் காரணம் இதுதான். மூன்று கம்பெனிகளும் நின்றுபோனால் முதல் ஆண்டிலேயே ஏறத்தாழ 30 லட்சம் வேலைகள் போகும் என்று மிச்சிகனிலுள்ள வாகன ஆராய்ச்சி மையம் கணித்தது.

ஃபோர்டுக்கு ஏன் தேவைப்படவில்லை? 2006 கடைசியில், கடன் தாராளமாகக் கிடைத்த நேரத்தில், ஆலைகளையும் நீல நிற ஃபோர்டு சின்னத்தையும்கூட அடகுவைத்து 2,300 கோடி டாலருக்கும் மேல் திரட்டி வைத்திருந்தார்கள். 2008-இல் ஜாகுவாரையும் லேண்ட் ரோவரையும் 230 கோடி டாலருக்கு டாடாவிடம் விற்றார்கள். அப்படிச் சேர்த்த ரொக்கம் கைகொடுத்தது.

முன்பு கொடுத்த கடன்கள்

டெட்ராய்ட்டுக்கு இது முதல் முறை அல்ல. 1979-இல் கிரைஸ்லர் விழும் நிலையில் இருந்தது. லீ அயகோக்கா வாஷிங்டன் போனார். 1980 ஜனவரி 7 அன்று ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டம் 150 கோடி டாலர் வரையிலான கடனுக்கு அரசு உத்தரவாதம் தந்தது. அந்தச் சட்டத்தின் சிறப்பு அதன் கண்டிப்பு. வங்கிகள், தொழிலாளர்கள், சப்ளையர்கள், டீலர்கள், மாநில அரசுகள் எல்லோருமாகச் சேர்ந்து சுமார் 200 கோடி டாலர் அளவுக்குத் தங்கள் பங்கை விட்டுக்கொடுத்தால்தான் உத்தரவாதம் நடைமுறைக்கு வரும். தொழிலாளர் கூலியை விட்டுக்கொடுத்தார்கள். அதற்கு ஈடாகச் சங்கத் தலைவர் டக்ளஸ் ஃப்ரேசர் கம்பெனியின் இயக்குநர் குழுவில் அமர்ந்தார். விட்டுக்கொடுத்தவருக்குப் பேசும் இடமும் கிடைத்தது. 2009-இல் தொலைந்துபோனது இந்த இணைப்புதான்.

கிரைஸ்லர் 120 கோடி டாலர் வாங்கி, 1983-இலேயே, கெடுவுக்கு ஏழாண்டு முன்பாக, முழுவதையும் திருப்பிக் கட்டியது. இன்னொன்றும் இருந்தது. கிரைஸ்லரின் 1.44 கோடி பங்குகளைக் குறைந்த விலையில் வாங்கும் உரிமையை அரசு எழுதி வாங்கியிருந்தது. கம்பெனி எழுந்ததும் பங்கு விலை ஏறியது. அந்த உரிமையை விட்டுக்கொடுக்கும்படி அயகோக்கா கேட்டுப்பார்த்தார். அரசு மறுத்து ஏலம் விட்டது. கடைசியில் கிரைஸ்லரே 31.1 கோடி டாலர் கொடுத்து வாங்கிக்கொண்டது. யாரும் துணியாத நேரத்தில் துணிந்தவர்கள் வரி கட்டும் மக்கள். லாபத்தில் அவர்களுக்குப் பங்கு வருவதே முறை.

மறுபக்கம் பிரிட்டன். 1975-இல் பிரிட்டிஷ் லேலண்டை அரசு எடுத்துக்கொண்டது. தொழிற்கட்சி அரசும் பணம் கொட்டியது, தாட்சர் அரசும் கொட்டியது. ஒன்றோடொன்று போட்டியிடும் மாடல்கள், ஓயாத வேலைநிறுத்தம், யாருக்கும் பிடிபடாத நிர்வாகம் எல்லாம் அப்படியே தொடர்ந்தன. 1988-இல், ரோவர் என்று பெயர் மாறியிருந்த அந்தக் கம்பெனியை பிரிட்டிஷ் ஏரோஸ்பேஸுக்கு 15 கோடி பவுண்டுக்கு விற்றார்கள். 1994-இல் பிஎம்டபிள்யூ 80 கோடி பவுண்டுக்கு வாங்கியது. தாங்க முடியாமல் 2000-இல் வெறும் 10 பவுண்டுக்கு ஒரு குழுவிடம் கைமாற்றியது. 2005 ஏப்ரலில் பர்மிங்ஹாம் லாங்பிரிட்ஜ் ஆலை நின்றபோது, ஒரு வாரச் சம்பளத்துக்காக அரசு 65 லட்சம் பவுண்டு கடன் கொடுத்தது. சீனாவின் ஷாங்காய் கம்பெனி வந்து வாங்கும் என்ற நம்பிக்கையில் கொடுத்த கடன் அது. வாங்கவில்லை. சுமார் 6,000 பேர் வேலை இழந்தார்கள். எண்ணூரில் லாரி செய்யும் அசோக் லேலண்டின் பெயரில் இருப்பதும் அந்த லேலண்ட்தான். 1987-இல் இந்துஜாக்கள் பங்கை வாங்கியதால் தாய்க் கம்பெனியின் வீழ்ச்சி இதைத் தொடவில்லை. பெருங்களத்தூரில் ஸ்டாண்டர்டு மோட்டார் செய்த ஸ்டாண்டர்டு 2000 காரும் ரோவரின் உடல்தான். அந்தக் காரோடு அந்தக் கம்பெனியும் முடிந்தது, பழைய சென்னைக்காரர்களுக்கு நினைவிருக்கும்.

நாற்பது நாள்

ஒபாமா வந்ததும் கார் விவகாரத்துக்கென ஒரு குழு அமைத்தார். முதலீட்டு உலகிலிருந்து வந்த ஸ்டீவன் ராட்னர் தலைமை. உருக்குத் தொழிலாளர் சங்கத்துக்காக உழைத்த ரான் புளூம் உடன் இருந்தார். கம்பெனிகள் கொண்டுவந்த சீரமைப்புத் திட்டங்களை மார்ச் 30 அன்று ஒபாமா நிராகரித்தார். ஜிஎம்மின் வேகனர் அரசு கேட்டுக்கொண்டதன் பேரில் விலகினார். கிரைஸ்லரைக் காப்பாற்றவே வேண்டுமா என்பதில் குழுவே இரண்டாகப் பிளந்தது. அதன் வாடிக்கையாளர்கள் ஜிஎம்முக்கும் ஃபோர்டுக்கும் போவார்கள், அது அந்த இரண்டுக்கும் பலம் என்று ஒரு தரப்பு வாதிட்டது. இந்தச் சரிவின் நடுவில் அத்தனை குடும்பங்களைத் தெருவில் விட முடியாது என்ற பக்கமே ஒபாமா சாய்ந்தார். ஃபியட் கைகோத்தால் கடன் என்று முடிவானது.

கிரைஸ்லர் ஏப்ரல் 30 அன்று திவால் நீதிமன்றம் போனது, ஜூன் 10 அன்று வெளியே வந்தது. ஃபியட் ஒரு டாலரும் ரொக்கமாகப் போடாமல், சிறிய கார்த் தொழில்நுட்பத்துக்கு ஈடாக 20 சதவீதம் பெற்றது. ஜிஎம் ஜூன் 1 அன்று போய், ஜூலை 10 அன்று வந்தது. இத்தனை வேகம் எப்படி என்றால், திவால் சட்டத்தின் 363-ஆம் பிரிவு. நல்ல ஆலைகள், நல்ல பிராண்டுகள், தேவையான ஒப்பந்தங்களை மட்டும் புதிய கம்பெனி ஒன்று விலைக்கு வாங்கும். வேண்டாத ஆலைகள், கடன்கள், வழக்குகள் பழைய கம்பெனியில் தங்கிவிடும். வாங்கும் புதிய கம்பெனியின் பின்னால் நின்றது அமெரிக்கக் கருவூலம்.

இங்கேதான் கடன், கடனாக இல்லாமல் போனது. ஜிஎம்முக்குக் கொடுத்த மொத்தத் தொகை 4,950 கோடி டாலர். அதில் 670 கோடி மட்டுமே கடனாக மிஞ்சியது. மற்றதில் பெரும்பகுதி பங்காக மாறியது. புதிய ஜிஎம்மில் அமெரிக்க அரசுக்கு 60.8 சதவீதம், கனடா மத்திய அரசுக்கும் ஒன்டாரியோ மாநிலத்துக்கும் சேர்த்து 11.7 சதவீதம், ஓய்வுபெற்றோர் மருத்துவ அறக்கட்டளைக்கு 17.5 சதவீதம். 2,700 கோடி டாலர் பத்திரங்கள் வைத்திருந்தவர்களுக்குத் தொடக்கத்தில் 10 சதவீதம். 2010 ஏப்ரலில் ஜிஎம் தலைவர் எட் விட்டேக்கர் தொலைக்காட்சி விளம்பரத்தில் தோன்றி, அரசுக் கடன் முழுவதையும் வட்டியோடு கட்டிவிட்டோம் என்றார். கட்டியது அந்த 670 கோடியை. அதையும் அரசு கொடுத்துத் தனிக்கணக்கில் வைத்திருந்த பணத்திலிருந்தே எடுத்துக் கட்டினார்கள். மக்களுக்கு இப்படி அரைக்கணக்குச் சொன்னது பெரிய தவறு. மீட்பின் மேல் இருந்த நம்பிக்கையை அதுவே கெடுத்தது.

பில் வந்து சேர்ந்த வீடுகள்

போண்டியாக், சாட்டர்ன் பிராண்டுகள் மூடப்பட்டன. கிரைஸ்லர் 789 டீலர்களுக்கு மே 14 அன்று கடிதம் அனுப்பியது; நான்கு வாரத்தில் கடையைக் காலி செய்ய வேண்டும். மறுநாள் ஜிஎம் சுமார் 1,100 பேருக்கு ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாது என்றது. சிற்றூர்களில் டீலர் என்பவர் வெறும் கடைக்காரர் அல்ல. பள்ளி விளையாட்டு அணிக்குச் சட்டை வாங்கித் தருபவர், ஐம்பது பேருக்கு வேலை கொடுப்பவர். அவ்வளவு அவசரமாக அவ்வளவு பேரை மூடச்சொல்ல வேண்டிய தேவை சரியாக நிறுவப்படவில்லை என்று மீட்பு நிதியைக் கண்காணித்த சிறப்புத் தலைமை ஆய்வாளரே 2010 ஜூலை அறிக்கையில் குறை சொன்னார்.

தொழிலாளர் விட்டுக்கொடுத்தவை பல. புதிதாகச் சேருபவருக்குப் பழையவரின் பாதிக் கூலி என்ற இரட்டைக் கூலி முறையைச் சங்கம் 2007-இலேயே ஏற்றிருந்தது. பழையவருக்கு மணிக்கு சுமார் 28 டாலர், புதியவருக்கு 14. மீட்பின்போது அது இன்னும் இறுகியது. விலைவாசிப் படி நிறுத்தப்பட்டது. 2015 வரை கூலிக்காக வேலைநிறுத்தம் கிடையாது என்று கையெழுத்தானது. ஒரே லைனில், ஒரே கதவைப் பொருத்தும் இருவரில் ஒருவர் மற்றவரின் பாதிச் சம்பளம் வாங்கினார். அந்தப் பாதிச் சம்பளக்காரர்களில் பெரும்பாலானோர் 2008-இல் பள்ளியில் படித்துக்கொண்டிருந்த பிள்ளைகள். ஜிஎம்மின் தவறான முடிவுகளில் அவர்களுக்கு எந்தப் பங்கும் இல்லை. அவர்கள் சார்பில் கையெழுத்திட அவர்கள் அந்த அறையில் இருக்கவும் இல்லை.

பழைய கம்பெனியில் தங்கிவிட்டவற்றில் வழக்குகளும் இருந்தன. 2014-இல் ஜிஎம் கார்களின் இக்னிஷன் சுவிட்சில் கோளாறு என்று வெளியே வந்தது. ஓடும்போதே இன்ஜின் அணைந்துவிடும், ஏர்பேக் விரியாது. கம்பெனிக்குள் பல ஆண்டுகளாகச் சிலருக்குத் தெரிந்திருந்த கோளாறு. 26 லட்சம் கார்கள் திரும்பப் பெறப்பட்டன. இழப்பீட்டு நிதி ஏற்றுக்கொண்ட மரணங்கள் மட்டும் 124. 2009 ஜூலைக்கு முன் நடந்த விபத்து என்றால் பழைய கம்பெனியைக் கேளுங்கள், நாங்கள் புதிய கம்பெனி என்று ஜிஎம் நீதிமன்றத்தில் வாதிட்டது. 2016-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. பிள்ளையைப் பறிகொடுத்த பெற்றோரிடம் அரசுப் பணத்தில் எழுந்த கம்பெனி அப்படியொரு வாதத்தை வைக்க முடிந்ததே, நினைக்கும்போது மனம் கொதிக்கிறது.

மிச்சம்

கணக்கின் வரவுப் பக்கத்தையும் மறைக்கக் கூடாது. 2010 நவம்பரில் ஜிஎம் பங்கு 33 டாலருக்குச் சந்தைக்கு வந்தது. 2013 டிசம்பர் 9 அன்று அரசு தன் கடைசிப் பங்கையும் விற்றது. ஜிஎம்மில் அரசுக்கு நஷ்டம் சுமார் 1,050 கோடி டாலர், கிரைஸ்லரில் சுமார் 130 கோடி. கடன் கொடுக்கும் துணைக் கம்பெனியையும் சேர்த்து மொத்தம் போட்டது ஏறத்தாழ 8,000 கோடி. திரும்பியது ஏறத்தாழ 7,000 கோடி. ஜிஎம் ஒன்றைக் காப்பாற்றியதிலேயே 2009-இல் 12 லட்சம் வேலைகள் தப்பின என்று அதே வாகன ஆராய்ச்சி மையம் 2013-இல் மதிப்பிட்டது. அத்தனை குடும்பங்களுக்கும் வேலையின்மைப் படியும் உணவு உதவியும் கொடுத்திருந்தால் அரசுக்கு ஆகியிருக்கும் செலவோடு ஒப்பிட்டால், அந்த நஷ்டம் மலிவு.

ஆனால் 60.8 சதவீதம் கையில் வைத்திருந்த அரசு என்ன கேட்டது? அன்றாட நிர்வாகத்தில் தலையிட மாட்டோம் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டது. எத்தனை ஆலைகள் உள்நாட்டில் எத்தனை ஆண்டு ஓட வேண்டும், அரசு விலகிய பிறகும் மீறினால் என்ன தண்டம் என்று நீண்டகால உடன்பாடு எதையும் ஜிஎம்மிடம் எழுதி வாங்கவில்லை. ஒஹாயோவின் லார்ட்ஸ்டவுன் ஆலை மீட்புக்குப் பின் குரூஸ் கார் செய்து செழித்தது. 2019 மார்ச்சில் அதை ஜிஎம் நிறுத்தியது. கம்பெனி அப்போது லாபத்தில் இருந்தது. தன் பங்குக்குப் பல நூறு கோடி கொடுத்த கனடாவின் ஒஷாவா ஆலையிலும் அதே ஆண்டு டிசம்பரில் வண்டி உற்பத்தி நின்றது. பிறகு 2021-இல்தான் திரும்பத் தொடங்கியது. கிரைஸ்லர் 2014-இல் முழுவதும் ஃபியட் வசமாகி, இன்று நெதர்லாந்தில் பதிவான ஸ்டெல்லாண்டிஸின் ஒரு பகுதி.

இதே காலத்தில் அமெரிக்க அரசிடம் இன்னொரு கடன் திட்டமும் இருந்தது. எரிபொருள் மிச்சம் பிடிக்கும் வண்டிகளுக்கென 2007 சட்டத்தில் உருவாகி, 2008 செப்டம்பரில் 2,500 கோடி டாலர் கடன் தரும் அளவுக்கு நிதி பெற்ற திட்டம். 2009 ஜூனில் அறிவித்த முதல் பட்டியலில் ஃபோர்டுக்கு 590 கோடி, டெஸ்லா என்ற சின்னக் கம்பெனிக்கு 46.5 கோடி. மீட்பு வாங்காத கம்பெனி என்று பெருமை பேசிய ஃபோர்டும் அரசுக் கடன் வாங்கியதுதான். ஜிஎம்மும் டொயோட்டாவும் சேர்ந்து கலிஃபோர்னியாவின் ஃபிரீமான்ட்டில் நடத்திய ஆலையிலிருந்து, திவாலின்போது ஜிஎம் கழன்றுகொண்டது. 2010 ஏப்ரல் 1 அன்று ஆலை மூடியது. அந்த ஆலையை டெஸ்லா 4.2 கோடி டாலருக்கு வாங்கி, அரசுக் கடனில் மாடல் எஸ் செய்தது. 2013 மே மாதம், ஒன்பது ஆண்டு முன்கூட்டியே கடனைக் கட்டியது. சீக்கிரம் கட்டிவிட்டால் பங்கு வாங்கும் உரிமையை அரசு இழக்கும் என்பது ஒப்பந்தம். சுமார் 30 லட்சம் பங்குகளுக்கான உரிமை அப்படிப் போனது. அதே திட்டத்தில் கடன் வாங்கி விழுந்த ஃபிஸ்கர் கம்பெனியால் 13.9 கோடி டாலர் நஷ்டம் மட்டும் அரசின் கணக்கில் நின்றது. 1983-இல் கிரைஸ்லரிடம் கண்டிப்பாக இருந்த அரசு, முப்பது ஆண்டு கழித்து அந்தக் கண்டிப்பைக் கைவிட்டிருந்தது.

2023 செப்டம்பர் 15 அன்று வாகனத் தொழிலாளர் சங்கம் ஜிஎம், ஃபோர்டு, ஸ்டெல்லாண்டிஸ் மூன்றிலும் ஒரே நேரத்தில் வேலைநிறுத்தம் தொடங்கியது. அந்தச் சங்கத்தின் வரலாற்றில் மூன்றையும் சேர்த்து நிறுத்தியது அதுவே முதல் தடவை. தலைவர் ஷான் ஃபெயின் முன்வைத்த கோரிக்கைகளில் பெரும்பாலானவை 2007-க்கும் 2009-க்கும் இடையே விட்டுக்கொடுத்தவை: விலைவாசிப் படி, சம வேலைக்குச் சம கூலி, ஓய்வூதியம். ஆறு வாரத்தில் 25 சதவீதக் கூலி உயர்வும் விலைவாசிப் படியும் திரும்பக் கிடைத்தன. உச்சக் கூலியை எட்ட எட்டாண்டு என்பது மூன்றாண்டாகக் குறைந்தது. ஓய்வூதியம் கிடைக்கவில்லை.

ஓய்வூதியம் என்று வரும்போது டெல்ஃபியைச் சொல்லாமல் முடிக்க முடியாது. ஜிஎம்மின் உதிரிபாகப் பிரிவாக இருந்து 1999-இல் தனிக் கம்பெனியாகப் பிரிந்தது டெல்ஃபி, 2005-இல் திவாலானது. 2009 ஜூலையில் அதன் ஓய்வூதியத் திட்டங்களை அரசின் ஓய்வூதியக் காப்புக் கழகம் எடுத்துக்கொண்டது. கழகம் தருவது வரம்புக்கு உட்பட்ட தொகை. பெரிய சங்கங்களின் உறுப்பினர்களுக்குக் குறைந்த தொகையைப் பழைய ஒப்பந்தப்படி ஜிஎம் நிரப்பிக்கொடுத்தது. சங்கத்தில் இல்லாத சம்பளக்காரர்கள், அதாவது இன்ஜினீயர், சூப்பர்வைசர், அலுவலக எழுத்தர் என்று சுமார் 20,000 பேருக்கு நிரப்ப யாரும் வரவில்லை. சிலருக்குப் பாதிக்கு மேல் போனது. முப்பது ஆண்டு ஒரே கூரையின் கீழ் வேலை பார்த்த இருவரில் ஒருவருக்கு முழு ஓய்வூதியம், மற்றவருக்கு வெட்டு.

அவர்கள் 2009-இலேயே வழக்குப் போட்டார்கள். 2022 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் விசாரிக்க மறுத்தது. அந்த ஜூலையில் முழு ஓய்வூதியத்தைத் திருப்பித் தரும் மசோதாவை இரு கட்சியினரின் ஆதரவோடு பிரதிநிதிகள் சபை நிறைவேற்றியது. செனட் அதை எடுக்காமலே அந்த அவையின் காலம் முடிந்தது. வழக்கு தொடங்கியபோது அறுபது வயதில் இருந்தவர்களுக்கு இப்போது எழுபத்தைந்துக்கு மேல். ஆண்டுக்காண்டு அவர்களின் எண்ணிக்கை குறைகிறது. 8,000 கோடி டாலரைப் புரட்டிய கருவூலத்துக்கு இந்த நிலுவை பெரிய தொகை அல்ல. அந்த மசோதாவை மறுபடி கொண்டுவந்து, அவர்கள் உயிரோடு இருக்கும்போதே நிறைவேற்ற வேண்டும்.